வார்னிங் வந்தால் என்ன செய்வது? நிரல் தரம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு ஓர் அவசர அப்டேட்டை வெளியிட்டது. ஐஓஎஸ் 7.0.6. காரணம், ஒரே ஒரு வரி.

ஒரு தளத்தோடு பாதுகாப்பான இணைப்பு ஏற்படும்போது, எதிர்முனையில் இருப்பது உண்மையிலேயே அந்தத் தளம்தானா என்று சரிபார்க்க வேண்டும். அதற்கான ஃபங்ஷன் சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. அதில் பல படிகள். எந்தப் படியிலாவது பிழை வந்தால் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி, நேராக ஃபங்ஷனின் கடைசிக்குத் தாவச் சொல்லும். ஓரிடத்தில் அந்த வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தது. முதலாவது மேலே இருந்த இஃப் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவதையும் அதே அளவு உள்ளே தள்ளித்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் அடைப்புக்குறி போடாததால் அது எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாத தனி வரியாகிவிட்டது. ஆகவே நிரல் ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலிருந்தே கடைசிக்குத் தாவியது. கீழே இருந்த, எதிர்முனையின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சோதனை ஓடவே இல்லை. அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால், 'எல்லாம் சரி' என்ற பதில் திரும்பிப் போனது. பொது வைஃபையில் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்கள் வங்கித் தளம்போல் நடித்தால், போன் அதை நம்பிவிடும் என்ற நிலை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பதைத்தான். தளங்கள் திறந்தன, யாருக்கும் எர்ரர் வரவில்லை. ஆனால் நிரலைப் பொறுமையாகப் படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடிய அடையாளங்கள் இரண்டு இருந்தன: ஒரே வரி இரண்டு முறை வந்தது, அதற்குக் கீழே ஒருபோதும் ஓட முடியாத நிரல் இருந்தது. நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள் கம்பைலர். சந்தேகமான இடங்களைப் பார்த்தால் அது வார்னிங் தரும். இரண்டாவதைக் கண்டுபிடிக்கும் வார்னிங் கிளாங் கம்பைலரில் அப்போதே உண்டு. ஆனால் எல்லாரும் வழக்கமாகப் போடும் 'டபிள்யூ-ஆல்' (-Wall) என்ற வார்னிங் தொகுப்பில் அது சேராது, தனியாகக் கேட்டால்தான் வரும். வரி தள்ளியிருக்கும் விதம் ஏமாற்றுகிறது என்று சொல்லும் வார்னிங், ஜிசிசி கம்பைலரில் 2016இல் வந்த 6ஆம் பதிப்பில் 'டபிள்யூ-ஆல்' தொகுப்பிலேயே சேர்ந்துவிட்டது.

நிரல் தரம் என்று பேசும்போது நாம் பேசுவது இந்த மாதிரி விஷயத்தைத்தான். பக் என்பது நிரல் செய்யும் தவறு. தரக் குறை என்பது, பக் சுலபமாக உள்ளே நுழையவும், நுழைந்தபின் யார் கண்ணிலும் படாமல் இருக்கவும் வழி செய்து கொடுக்கும் நிலைமை. முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்து, வேறு யாரோ எழுதிய பெரிய ப்ராஜெக்ட்டைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 'ஓடுகிறதே, அப்புறம் என்ன?' என்ற கேள்வியை முதல் வாரத்திலேயே கேட்பீர்கள்.

ஓடுகிற நிரலில் என்ன குறை இருக்க முடியும்?

ஒரு கடைக்கு பில் போடும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். விற்பனை பில் போடும் ஃபங்ஷன் ஒன்று. பொருட்களின் விலையைக் கூட்டுகிறது, தள்ளுபடி கழிக்கிறது, ஜிஎஸ்டி சேர்க்கிறது, டேட்டாபேஸில் எழுதுகிறது, பிரின்டருக்கு அனுப்புகிறது. எல்லாம் ஒரே ஃபங்ஷனுக்குள், சில நூறு வரிகளில். வாடிக்கையாளர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் தருவதற்கு இன்னொரு ஃபங்ஷன். அதை எழுதியவர் முதல் ஃபங்ஷனைக் காப்பி செய்து, கூட்டலைக் கழித்தலாக மாற்றியிருக்கிறார். மாத அறிக்கைக்கு மூன்றாவது ஃபங்ஷன், அதிலும் அதே வரிக் கணக்கு. நெய்க்கு 12 சதவீத ஜிஎஸ்டி என்பதால் மூன்று இடங்களிலும் 12 என்ற எண் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது.

சில வருடங்கள் எந்தச் சிக்கலும் இல்லை. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 என்ற அடுக்குகள் எடுக்கப்பட்டு, பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18க்குள் வந்தன. நெய் 12இலிருந்து 5க்கு வந்தது. இப்போது இந்த நிரலை மாற்ற வேண்டும், அதுவும் குறிப்பிட்ட தேதிக்குள்.

புதிதாக வந்தவர் செய்யக்கூடியது, 12 என்று தேடி எல்லா இடத்திலும் 5 என்று மாற்றுவது. மாத அறிக்கையில் வருடத்துக்கு 12 மாதம் என்ற கணக்கும் இருக்கிறது, அதுவும் 5 ஆகிவிடும். சரி, கவனமாக ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். விற்பனை ஃபங்ஷனில் மாற்றிவிட்டு, திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷனில் மாற்ற மறந்தால், 5 சதவீதம் வாங்கிய பொருளுக்கு 12 சதவீதம் திருப்பித் தருவார்கள். அதையும் மறக்காமல் மாற்றிவிட்டார். அப்போதும் தவறுதான்! செப்டம்பர் 20 அன்று 12 சதவீத வரியோடு வாங்கிய நெய் டப்பாவை ஒருவர் 24ஆம் தேதி திருப்பிக் கொடுத்தால், அவர் கட்டிய 12 சதவீதத்தைத்தான் திருப்பித் தர வேண்டும்.

இந்த ஒரு உதாரணத்திலேயே நிரல் தரத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அர்த்தம் சொல்லாமல் நடுவில் கிடக்கும் எண், ஒரே கணக்கு மூன்று இடங்களில் இருப்பது, ஒரு ஃபங்ஷன் ஐந்து வேலை பார்ப்பது ஆகிய மூன்றும் மேலே தெரிகிற குறைகள். அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. வரி விகிதம் என்பது தேதியைப் பொறுத்து மாறும் ஒன்று என்ற உண்மையே இந்த நிரலில் எங்கும் இல்லை. எழுதியவர் அதை நிரந்தரமான எண்ணாக நினைத்துவிட்டார். 12 என்ற எண்ணுக்கு ஒரு நல்ல பெயர் வைத்து மேலே கொண்டுபோய் வைப்பது முன்னேற்றம்தான், ஆனால் பாதி வழி. 'இந்தப் பொருளுக்கு இந்தத் தேதியில் என்ன விகிதம்' என்று கேட்டால் பதில் சொல்லும் ஒரே ஒரு ஃபங்ஷன், அதற்குப் பின்னால் எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்ற அட்டவணை, இவை இருந்தால்தான் முழுத் தீர்வு.

எந்தக் கருவியும் இந்தக் கடைசிக் குறையை உங்களுக்குக் காட்டாது. அர்த்தமில்லாத எண் கிடக்கிறது, காப்பி செய்த வரிகள் இருக்கின்றன என்பது வரை காட்டும். மிச்சத்தை ஜிஎஸ்டி தெரிந்த ஆள்தான் பார்க்க முடியும்.

வேறு சில குறைகளையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிழை வந்தால் பிடித்து, எதுவும் செய்யாமல் விழுங்கிவிடும் நிரல். பைத்தானில் எக்செப்ட் போட்டு அடியில் பாஸ் என்று எழுதுவார்கள். டேட்டாபேஸ் நின்றுபோனாலும் 'பில் சேமிக்கப்பட்டது' என்று திரையில் வரும். பெயர் ஒன்று, வேலை வேறொன்று: 'சரிபார்' என்று பெயர் வைத்த ஃபங்ஷன் உள்ளே போய் டேட்டாவை மாற்றும். பணத்தை ஃப்ளோட்டில், அதாவது தசம எண்களைத் தோராயமாகச் சேமிக்கும் வகையில் வைப்பது இன்னொன்று. பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். ஒரு பில்லில் தெரியாது, மாதக் கடைசியில் கணக்கு பொருந்தாதபோது தெரியும். பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வைப்பது, அல்லது டெசிமல் வகையைப் பயன்படுத்துவது நல்லது.

கருவிகள் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

நிரலை ஓட்டாமலே படித்துப் பார்த்துக் குறை சொல்லும் கருவிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1978இல் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் சி நிரல்களுக்காக லின்ட் என்ற கருவியை எழுதினார். அதன்பின் இந்த வகைக் கருவிகளுக்கே லின்ட்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று பைத்தானுக்குப் பைலின்ட், ரஃப், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இஎஸ்லின்ட், ஜாவாவுக்கு பிஎம்டி, ஸ்பாட்பக்ஸ், சி++க்கு கிளாங்-டைடி, ஷெல் ஸ்கிரிப்ட்டுக்கு ஷெல்செக் என்று ஒவ்வொரு மொழிக்கும் இருக்கிறது. பல மொழிகளைச் சேர்த்துப் பார்க்க சோனார்க்யூப் போன்றவை உண்டு. பெரும்பாலானவற்றை இலவசமாகவே பயன்படுத்தலாம்.

லின்ட்டர் பிடிக்கும் ஒரு நல்ல உதாரணம் பார்ப்போம். பைத்தானில் ஒரு ஃபங்ஷனுக்கு, பொருட்களின் பட்டியல் தரப்படாவிட்டால் காலிப் பட்டியலை எடுத்துக்கொள் என்று இயல்பு மதிப்பு வைக்கிறீர்கள். பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அந்தக் காலிப் பட்டியல் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிதாக உருவாவதில்லை. ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. முதல் வாடிக்கையாளருக்குச் சேர்த்த பொருட்கள் அதிலேயே தங்கிவிடும், இரண்டாவது வாடிக்கையாளரின் பில்லில் போய் நிற்கும். தனியாக ஒரு முறை ஓட்டிச் சோதித்தால் தெரியவே தெரியாது. பைலின்ட் இதைப் பார்த்த உடனேயே ஆபத்தான இயல்பு மதிப்பு என்று சொல்லிவிடும். இந்த ஒரு வார்னிங்குக்காகவே புதியவர்கள் லின்ட்டரை வைத்துக்கொள்ளலாம்.

சிக்கலான ஃபங்ஷன்களை எண்ணில் சொல்லும் வழியும் உண்டு. 1976இல் தாமஸ் மெக்கேப் முன்வைத்த அளவு அது. கிளைகளே இல்லாத ஃபங்ஷனுக்கு 1. ஒவ்வொரு இஃப், ஒவ்வொரு லூப் வரும்போதும் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். 10ஐத் தாண்டினால் பிரிக்க முடியுமா என்று பாருங்கள் என்பது அவர் சொன்ன யோசனை. எண்ணைவிட அதன் பின்னால் உள்ள காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கிளையும் சோதித்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பாதை. 30 என்று வரும் ஃபங்ஷனை உங்கள் தலையில் முழுதாக வைத்துக்கொண்டு படிக்க முடியாது, அதற்கு முழுமையாக டெஸ்ட் (நிரலைத் தானாகச் சோதிக்கும் நிரல்) எழுதியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் வெறுமனே பத்து வகைகளைப் பார்த்துப் பத்து பதில் தரும் ஃபங்ஷனும் இந்த அளவில் மோசமாகத்தான் தெரியும், படிப்பதற்கோ எளிதாக இருக்கும். அதைப் பிரித்துச் சிதறடிக்க வேண்டியதில்லை.

நான் அதிகம் நம்பும் கருவி ஒன்று எல்லா டீமிடமும் ஏற்கனவே இருக்கிறது. நிரலில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கிட். கடந்த ஆறு மாதத்தில் எந்த ஃபைல்கள் அதிக முறை மாறியிருக்கின்றன என்று கிட் லாக் வழியாக எடுத்துப் பாருங்கள். அதில் முதல் பத்து ஃபைல்களையும், அதிகச் சிக்கலான பத்து ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் வருபவைதான் நீங்கள் தொட வேண்டியவை. அசிங்கமாக இருந்தாலும் நான்கு வருடமாக யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை அப்படியே விட்டுவிடலாம். வாரம் இரண்டு முறை மாறும் ஃபைலில் உள்ள சிறு குழப்பம்கூட வாரம் இரண்டு முறை யாரோ ஒருவரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. வார்டு கன்னிங்ஹாம் 1992இல் டெக்னிக்கல் டெப்ட் (தொழில்நுட்பக் கடன்) என்று சொல்லத் தொடங்கியதும் இந்தத் தொடர்செலவைத்தான். அவசரத்துக்கு எழுதிய நிரலை அப்படியே விட்டுவைத்தால், அதன்மேல் செய்யும் ஒவ்வொரு வேலையிலும் வட்டி கட்டிக்கொண்டே இருப்போம்.

கருவிகளின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அதே 2014இல், ஏப்ரல் 7 அன்று, ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானது. பாதுகாப்பான இணைப்புக்கு இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில், எதிர்முனை அனுப்பிய செய்தியின் நீளம் உண்மையா என்று பார்க்காமலே அந்த அளவு மெமரியைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் உள்தகவல் வெளியே போகும். 2012 மார்ச்சில் வந்த பதிப்பிலிருந்தே அது உள்ளே இருந்தது. கவரிட்டி என்ற புகழ்பெற்ற ஆய்வுக் கருவியும் அதைப் பிடிக்கவில்லை. விஷயம் வெளிவந்த பிறகுதான் அந்த வகைப் பிழையைக் கண்டுபிடிக்கப் புதிய விதியைச் சேர்த்தார்கள். ஆகவே லின்ட்டர் சுத்தமாக இருக்கிறது என்பதை நிரல் சரியாக இருக்கிறது என்று படித்துவிடக் கூடாது. வெளியிலிருந்து வரும் தகவலை நம்பும் இடங்களை இன்னொரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

முதல் முறை ஓட்டும்போது

பழைய ப்ராஜெக்ட்டில் முதல் முறை லின்ட்டரை ஓட்டினால் ஆயிரக்கணக்கில் வார்னிங் கொட்டும். இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோகின்றன. ஒன்று, பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தி ஒரே புல் ரிக்வெஸ்ட்டாக (மற்றவர்கள் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள அனுப்பும் மாற்றம்) அனுப்புவார். அதை யாராலும் ஒழுங்காகப் படிக்க முடியாது, படிக்காமல் மெர்ஜ் செய்தால், அதாவது பொது நிரலோடு சேர்த்தால், எங்கே என்ன உடைந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

ஃபேஸ்புக்கின் அனுபவம் இதில் நல்ல பாடம். அவர்கள் இன்ஃபர் என்ற ஆய்வுக் கருவியை உருவாக்கி, 2015இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். தொடக்கத்தில் மொத்த நிரலையும் ஆராய்ந்து, கிடைத்த குறைகளைப் பட்டியலாகப் பொறியாளர்களிடம் கொடுத்தார்கள். திருத்தப்பட்டவை கிட்டத்தட்டப் பூஜ்யம். பிறகு அதே ஆய்வை, ஒருவர் தன் மாற்றத்தை ரிவ்யூவுக்கு அனுப்பும் நேரத்தில் ஓட்டி, அந்த மாற்றத்தில் உள்ள குறைகளை மட்டும் அங்கேயே கமென்ட்டாகக் காட்டினார்கள். திருத்தும் விகிதம் 70 சதவீதத்தைத் தாண்டியது. இதை அவர்களுடைய ஆய்வாளர்களே 2019இல் எழுதியிருக்கிறார்கள். கருவியின் திறன் இரண்டு முறையும் ஒன்றுதான். மூன்று வருடத்துக்கு முன் யாரோ எழுதிய நிரலைத் திருத்துங்கள் என்றால் முதலில் அந்த நிரலைப் புரிந்துகொள்ளவே நேரம் வேண்டும். பத்து நிமிடம் முன்பு நானே எழுதிய வரி என்றால் எல்லாம் இன்னும் தலையில் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். இன்று இருக்கும் வார்னிங்குகளை ஒரு பட்டியலாகச் சேமித்துவிடுங்கள், பேஸ்லைன் என்பார்கள். அதற்கு மேல் புதிதாக ஒன்று வந்தால் மட்டும் மெர்ஜ் நிற்கட்டும். பழையவற்றை, வேறு வேலைக்காக அந்த ஃபைலைத் திறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம். எல்லா விதிகளையும் முதல் நாளே இயக்க வேண்டாம். பிழை விழுங்கப்படுவது, வரையறுக்காத பெயர், ஓட முடியாத நிரல் போன்று உண்மையான பக்கைக் காட்டும் விதிகளில் தொடங்குங்கள். வரி நீளம், கமென்ட் இல்லை என்பதெல்லாம் பிறகு வரட்டும். டீம் 'இந்தக் கருவி சும்மா கத்துகிறது' என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால், அப்புறம் அது சொல்லும் உண்மையையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இடைவெளி, அடைப்புக்குறி எங்கே வர வேண்டும் என்ற விவாதங்களை ஃபார்மேட்டரிடம் விட்டுவிடுங்கள். பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு பிரெட்டியர். கோ மொழியோ தன்னோடே ஒரு ஃபார்மேட்டரைக் கொண்டுவருகிறது. மொத்த ப்ராஜெக்ட்டையும் ஒரே கமிட்டில் (கிட்டில் ஒன்றாகப் பதிவு செய்யும் மாற்றம்) ஃபார்மேட் செய்யுங்கள், அதில் வேறு எந்த மாற்றமும் கலக்க வேண்டாம். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார், எந்தக் கமிட்டில் என்று காட்டுவது கிட் பிளேம். அந்த ஒரு கமிட்டைத் தவிர்த்துவிட்டு அதைப் பார்க்கும் வசதி 2019இல் வந்த கிட் 2.23 முதல் இருக்கிறது. அதனால் பழைய வரலாறு மறைந்துவிடும் என்ற பயம் தேவையில்லை.

திருத்துவது எப்படி

முதலில் டெஸ்ட். திருத்தப்போகும் ஃபங்ஷனுக்கு டெஸ்ட் இல்லையென்றால் அதை எழுதாமல் எதையும் தொடாதீர்கள். இங்கே எழுத வேண்டிய டெஸ்ட் கொஞ்சம் வித்தியாசமானது. நிரல் என்ன செய்ய வேண்டும் என்று சோதிப்பது அடுத்த கட்டம், இப்போது என்ன செய்கிறது என்று பதிவு செய்வதே முதல் வேலை. நம் பில் உதாரணத்தில், பழைய பில்களில் முப்பது நாற்பது எடுத்துக்கொள்ளலாம். தள்ளுபடி உள்ளது, இல்லாதது, ஒரே பொருள் பல எண்ணிக்கை, பூஜ்யம் விலை, திருப்பிக் கொடுத்தது என்று வகைக்கு ஒன்றாகப் பொறுக்குங்கள். அவற்றை இப்போதைய ஃபங்ஷனுக்குக் கொடுத்து, வரும் விடையை அப்படியே சேமியுங்கள். இனி ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பின்னும் அதே விடை வர வேண்டும்.

இந்த வேலையின்போதே பழைய பக் ஏதாவது கண்ணில் படும். தள்ளுபடி 100 சதவீதத்தைத் தாண்டினால் பில் எதிர்மறையாக வருகிறது என்பது போல. உடனே திருத்தக் கை பரபரக்கும். பொறுங்கள். நிரலின் வடிவத்தை மாற்றும் கமிட் வேறு, நடத்தையை மாற்றும் கமிட் வேறு. இரண்டையும் கலந்தால், நாளைக்கு ஏதாவது தவறாகும்போது எது காரணம் என்று பிரித்தெடுக்க முடியாது. பக்கைக் குறித்துவைத்துக்கொண்டு, வடிவ வேலை முடிந்த பின் தனியாகத் திருத்துங்கள்.

அப்புறம் சின்னச் சின்னப் படிகள். வரிக் கணக்கை மட்டும் தனி ஃபங்ஷனாக எடுக்கிறீர்கள், டெஸ்ட் ஓட்டுகிறீர்கள், கமிட். திருப்பிக் கொடுக்கும் இடமும் அதையே அழைக்கும்படி மாற்றுகிறீர்கள், டெஸ்ட், கமிட். மாத அறிக்கைக்கும் அதே போல. இப்போது மூன்று இடங்களும் ஒரே கணக்கைப் பயன்படுத்துகின்றன, விடை எதுவும் மாறவில்லை. இதுவரை செய்ததற்கு ரீஃபேக்டரிங் என்று பெயர். இந்த நிலைக்கு வந்தபின் தேதியைப் பொறுத்த விகித அட்டவணையைச் சேர்ப்பது அரை நாள் வேலை. முதலிலேயே அதைச் செய்யப் போயிருந்தால் மூன்று இடங்களில் மூன்று விதமாகச் செய்திருப்போம்.

வார்னிங்கைத் திருத்தும்போது அது ஏன் வருகிறது என்று புரியாமல் கை வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு, இந்தத் துறையில் உள்ள எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய நிகழ்வு ஒன்று இருக்கிறது. 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பைப் பராமரித்தவர், வால்கிரைண்ட் என்ற கருவி காட்டிய வார்னிங்குகளைப் பார்த்தார். மதிப்பு தரப்படாத மெமரி படிக்கப்படுகிறது என்று அது சொன்னது. கருவி சொன்னது உண்மையும்கூட. இந்த மாற்றத்தைச் செய்யலாமா என்று ஓப்பன்எஸ்எஸ்எல் மின்னஞ்சல் குழுவில் கேட்டுவிட்டுத்தான், காரணமாகத் தெரிந்த இரண்டு வரிகளை நிறுத்திவைத்தார். வார்னிங் போய்விட்டது. அந்த இரண்டில் ஒன்று, ரகசியச் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் தகவலைக் கலக்கும் வரி. அது போனபின் தற்செயல் என்று மிஞ்சியது ப்ராசஸ் எண் (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தரும் எண்) மட்டும்தான், அதற்கு வரக்கூடிய மதிப்புகள் அதிகபட்சம் 32,768. 2008 மே 13 அன்று இது வெளிவரும்வரை டெபியனிலும் அதை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவிலும் உருவாக்கப்பட்ட எஸ்எஸ்எச் சாவிகளை (தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையப் பயன்படுபவை), எல்லா வாய்ப்புகளையும் முயன்று பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற நிலை. உலகம் முழுக்க சாவிகளைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

அந்தப் பராமரிப்பாளர் அலட்சியமானவர் இல்லை. வார்னிங்கை மதித்தவர், கேட்டும் பார்த்தவர். அதனாலேயே இதைச் சொல்கிறேன். அந்த வரி என்ன வேலை செய்கிறது, அதை எடுத்தால் எது மாறும் என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும் முன் அது எடுக்கப்பட்டுவிட்டது. இன்றைக்கு ஏஐ உதவியாளரிடம் 'இந்த வார்னிங்கைச் சரிசெய்' என்றால் சில நொடிகளில் வார்னிங் காணாமல் போகும். நல்ல உதவிதான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தந்த மாற்றத்தைப் பார்த்து இதே கேள்வியை நீங்கள் கேட்டாக வேண்டும்.

எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவைத்த நிரல்

இனி தேவையில்லாத நிரலை நீக்குவது திருத்தங்களிலேயே எளிதானது. ஆனாலும் பலரும் தயங்குவார்கள். அது ஓடுவதே இல்லையே, இருந்தால் என்ன என்று தோன்றும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 2003லேயே பயன்பாட்டை நிறுத்திய 'பவர் பெக்' என்ற பகுதி அவர்கள் நிரலில் நீக்கப்படாமல் கிடந்தது. புதிய வசதி ஒன்றைச் சேர்த்தபோது, அந்தப் பழைய பகுதியை இயக்கப் பயன்பட்ட அதே ஃப்ளாகைப் புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரல் ஏறியது, எட்டாவதில் ஏற்ற விட்டுப்போனது. சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பழைய பகுதி உயிர்பெற்று, நிறுத்தத் தெரியாமல் பங்குகளை வாங்கி விற்றுக்கொண்டே இருந்தது. எத்தனை வாங்கியாயிற்று என்று எண்ணும் பகுதியை 2005இல் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, பவர் பெக் இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம்.

கிட் இருக்கும்போது நீக்கிய நிரல் எங்கும் போய்விடாது, வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம். கமென்ட்டுக்குள் ஒளித்துவைத்த பழைய வரிகளையும் தைரியமாக நீக்குங்கள். ஒரே எச்சரிக்கை: ஓடவில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் 31 அன்று மட்டும் ஓடும் நிரலும் மற்ற நாட்களில் செத்த நிரல்போலவே தெரியும். சந்தேகம் இருந்தால், அந்த இடத்தில் ஒரு லாக் வரி போட்டுச் சில காலம் கவனித்துவிட்டு நீக்கலாம்.

வார்னிங்கை அமைதியாக்குவது பற்றி

சில நேரம் கருவி சொல்வது தவறாக இருக்கும், அல்லது சரியாக இருந்தாலும் அந்த இடத்தில் அப்படி எழுதத்தான் வேண்டும். பெரும்பாலான லின்ட்டர்களில் அந்த வரிக்கு மட்டும் வார்னிங்கை நிறுத்த வழி உண்டு. பயன்படுத்துங்கள், அதில் தவறில்லை. எந்த விதியை நிறுத்துகிறீர்கள் என்று விதியின் எண்ணோடு குறிப்பிடுங்கள். எண் இல்லாமல் நிறுத்தினால் நாளைக்கு அதே வரியில் வரும் உண்மையான வார்னிங்கும் சேர்ந்து மறைந்துவிடும். பக்கத்திலேயே ஏன் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'பிரின்டர் டிரைவர் எந்த வகை எர்ரர் தரும் என்று சொல்வதில்லை, ஆகவே எல்லாவற்றையும் பிடித்து லாக் செய்கிறோம்' என்று இருந்தால், அடுத்து வருபவர் அதைத் தொடலாமா என்று தானே முடிவு செய்துகொள்வார். ஒரே விதியைப் பல இடங்களில் நிறுத்த வேண்டி வந்தால் அந்த விதி உங்கள் ப்ராஜெக்ட்டுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். டீமில் பேசி, கான்ஃபிக் ஃபைலிலேயே அதை எடுத்துவிடுங்கள்.

டெஸ்ட் கவரேஜ் எண்ணையும் இதே கண்ணோடு பாருங்கள். 90 சதவீத வரிகள் டெஸ்டில் ஓடின என்பது, அந்த வரிகளின் விடையை யாராவது சரிபார்த்தார்கள் என்று ஆகாது. எதையும் ஒப்பிட்டுப் பார்க்காத டெஸ்டும் கவரேஜைக் கூட்டும். எந்த எண்ணை இலக்காக வைத்தாலும், அதை எட்டுவதற்காக மட்டும் எழுதிய நிரல் வந்து சேரும். ரிவ்யூ செய்பவர் டெஸ்ட் ஃபைலையும் திறந்து படிப்பது ஒன்றுதான் இதற்கு வழி.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு நாளில் முடிகிற அளவு வேலை சொல்கிறேன். உங்கள் ப்ராஜெக்ட்டில் போன ஆறு மாதத்தில் அதிக முறை மாறிய ஃபைலைக் கண்டுபிடியுங்கள். அந்த ஒரு ஃபைலில் மட்டும் லின்ட்டரை ஓட்டுங்கள். வரும் வார்னிங்குகளில் ஒன்றை எடுத்து, அந்த வரி எப்போது, எந்த வேலைக்காக வந்தது என்று கிட் பிளேமில் பாருங்கள். முடிந்தால் எழுதியவரிடம் போய் 'அண்ணா, இது எதுக்கு இப்படி இருக்கு?' என்று கேளுங்கள். பதில் பல நேரம் உங்களை வியக்க வைக்கும், சில நேரம் அவரே 'அட, இதை மாத்தணுமே' என்பார். அதன்பின் டெஸ்ட் எழுதி, அந்த ஒன்றை மட்டும் திருத்தி, வார்னிங் ஏன் வந்தது, என்ன மாற்றினீர்கள், எது மாறவில்லை என்று மூன்று வரியில் விளக்கம் எழுதி ரிவ்யூவுக்கு அனுப்புங்கள்.